ஆரஞ்சுத் தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை

அலென்கா சீனாவின் ஸுஜோ நகரத்துக்கு வந்தது இரண்டு வருஷ வேலைக்கு. ஒப்பந்தத்தை நீட்டி நீட்டி, இப்போது ஏழாவது குளிர்காலம். ஸ்லோவேனியாவில் கோப்பெர் என்ற துறைமுக ஊர்க்காரி, நாற்பதைத் தாண்டியவள். சலவை இயந்திரங்களுக்கான தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் சோதனைக்கூடம் அவள் பொறுப்பு. பம்புகளை இடைவிடாமல் ஓடவிட்டு, எது எப்போது எதனால் நிற்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அவள் பெயர் யார் வாயிலும் சரியாக நுழையாததால் வந்த முதல் மாதமே "லான் அக்கா" ஆகிவிட்டாள். ஊரிலிருந்து அண்ணன் போனில் "அலென்கா" என்று கூப்பிட்டால் அவளுக்கே ஒரு கணம் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

குளிர்காலத்தில் ஸுஜோவில் தெருவைவிட வீட்டுக்குள்தான் அதிகம் குளிரும். அலுவலகத்தில் எல்லோரும் கோட்டைக் கழற்றாமலே தட்டச்சு செய்வார்கள். வெந்நீர்க் குடுவை இல்லாமல் யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அவளும் அப்படியே பழகிவிட்டாள். பழகாதது ஒன்றுதான்: வெளிநாட்டு நண்பர்கள் கிளம்பிப் போய்க்கொண்டே இருப்பது. ஒருவரோடு சேர்ந்து மலையேறப் பழகி, அவர் கீழே நின்று கயிற்றைப் பிடிக்கும் விதம் நமக்குப் பிடிபட்டு, நம் விதம் அவருக்குப் பிடிபடும் நேரத்தில் அவருடைய நிறுவனம் அவரை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடும். வழியனுப்பு விருந்து, கட்டிப்பிடித்தல், புத்தக அலமாரியோ சைக்கிளோ இவள் தலையில் கட்டப்படுதல். ஒரு பிரெஞ்சுக்காரன், ஒரு போர்த்துக்கீசியத் தம்பதி, ஒரு தென்னாப்பிரிக்கப் பெண் என்று வரிசையாகப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கயிறு பிடிக்கக் கிடைத்தவள் மோ யிங். அதே தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருந்தாள். முப்பதை நெருங்கும் வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாறையேறப் பழகும் உள்ளரங்கச் சுவரில் அலென்கா பாதியில் தொங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வழியில் சரசரவென்று ஏறிப் போனவள் யார் என்று பார்த்தால், உதிரிபாகம் தாமதமானால் தினமும் தன்னோடு சண்டை போடும் அதே பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் இங்கே வருகிறாய் என்று கேட்டதற்கு யிங் நேராகவே சொன்னாள். ஸுஜோவில் அவளுக்கு ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர் ஞாயிறுதோறும் ஒரு மாப்பிள்ளையைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிவருவார். சுவரில் ஏறியிருந்தால் போனை எடுக்க முடியாது. அலென்காவுக்கு அந்தக் காரணம் பிடித்துப்போனது.

மூன்று வருஷமாக இருவரும் சேர்ந்து ஏறினார்கள். யிங்குக்கு உடல் எடை குறைவு, கை நீளம், பொறுமை மட்டு. அலென்காவுக்குப் பொறுமை உண்டு, முழங்கால் சரியில்லை. ஜோடி பொருந்தியிருந்தது.

அந்த வருஷம் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு யாங்ஷுவோ போகலாம் என்று சொன்னது யிங்தான். தெற்கே குவாங்ஷி பகுதியில், ஆற்றங்கரையில் சுண்ணாம்புப் பாறைகள் தனித்தனியாக நிற்கும் இடம். அந்த மாதத்தில் மழைத் தூறல் விடாது. ஆனால் முன்னால் சாய்ந்து நிற்கும் பாறைகளின் அடிப்பக்கம் நனையாது, ஏறலாம். அலென்காவுக்கு இடம் புதிதல்ல. அவளுக்குத் தயக்கம் வேறு. யிங்கின் சொந்த ஊர் அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரம். போன புத்தாண்டுக்கு ஊருக்குப் போனபோது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாப்பிள்ளையைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். யிங் எழுந்து போய்விட்டாள். மறுநாள் அம்மாவுக்கும் மகளுக்கும் வாய்ச்சண்டை முற்றி, "அடுத்த வருஷம் யாரையாவது கூட்டிட்டு வா, இல்லேன்னா வராதே" என்று அம்மா சொல்லிவிட்டார். யிங் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டாள். இந்த வருஷம் தொழிற்சாலையில் விடுமுறைக் காவல்பணி என்று வீட்டுக்குச் சொல்லியிருந்தாள்.

பிடிபட்டுவிடுவாய் என்று அலென்கா எச்சரித்தாள்.

"எங்க ஊர்க்காரங்க பாறைப் பக்கமே வரமாட்டாங்க, அக்கா. அவங்களுக்குப் பாறைன்னா ஆடு ஏறற இடம்" என்றாள் யிங்.

அலென்காவும் யிங்கிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. ஜனவரி தொடக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. சோதனைக்கூடத்தை மூடிவிட்டு வேலையை ஸ்லோவேனியாவுக்கே எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். வசந்தம் முடிவதற்குள் அவள் திரும்ப வேண்டும். ஒரு சீன நிறுவனம் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது, அதுவும் நல்ல வேலைதான். இரண்டு வாரம் யோசித்துவிட்டு, ஊருக்கே போய்விடுகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். களைத்திருந்தாள், அவ்வளவுதான். யிங்கிடம் விடுமுறை முடிந்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

நாள் முழுக்க ரயில். பெட்டி நிறைய ஊருக்குப் போகிறவர்கள், பரிசுப் பெட்டிகள், சூரியகாந்தி விதைத் தோல். யாங்ஷுவோவில் அவர்கள் தங்கிய விடுதியில் மின்போர்வை ஒன்றுதான் சூடு. காலையில் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, வாடகை மின்ஸ்கூட்டரில் பைகளோடு கிளம்பினார்கள். ஆரஞ்சுத் தோட்டங்கள் எல்லாம் குளிருக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்திக் கிடந்தன. சில இடங்களில் விரிப்பை நீக்கி அறுவடை நடந்துகொண்டிருந்தது.

அவர்கள் தேர்ந்தெடுத்த பாறை லியாவ் என்ற பெண்ணின் தோட்டத்துக்கு மேலே இருந்தது. தோட்டத்துக்குள் நடந்துதான் போக வேண்டும். லியாவ் யாரையும் தடுப்பதில்லை. போகும்போதும் வரும்போதும் பழத்தைக் கையில் திணிப்பாள், வாங்காமல் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஐம்பது வயது, சிவப்பு ரப்பர் பூட்ஸ், கழுத்தில் தொங்கும் போன். அந்தப் போனை ஒரு மூங்கில் கழியில் கட்டிவைத்து, நேரலையில் பழம் விற்றுக்கொண்டிருந்தாள். முதல் நாள் பகல் பாறையிலிருந்து இறங்கி வந்த அலென்காவைப் பிடித்து நிறுத்தி, ஒரு பழத்தை உரித்துக் கொடுத்து, வெளிநாட்டுக்காரியே எப்படிச் சாப்பிடுகிறாள் பாருங்கள் என்று போனைப் பார்த்துக் கத்தினாள். அலென்கா இனிப்பு என்று சீன மொழியில் சொன்னதும் பார்வையாளர் கூட்டம் ஏறிவிட்டது. மறுநாள் லியாவ் போனைப் பாறையின் பக்கமாகவே திருப்பிவைத்தாள். ஏறுகிறவர்கள் பின்னணியில் இருந்தால் பழம் சீக்கிரம் போகிறது என்றாள்.

அந்தப் பின்னணியில்தான் மோ யிங் மாட்டினாள். மஞ்சள் தலைக்கவசத்தோடு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, வாய் நிறைய ஆரஞ்சோடு நின்றவளை ஊரிலிருந்த ஒரு சித்தி போனில் பார்த்து, குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். அன்று மாலை யிங்கின் போனுக்கு அம்மாவிடமிருந்து அந்தக் காட்சி வந்தது. கூட ஒரு வரி: "தொழிற்சாலைக் காவல் எப்படிப் போகுது?"

யிங் பதில் போடவில்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, நாளைக்கு அந்த நடு வழியை முடித்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். நாளைக்கே வீட்டுக்குப் போய்ப் பேசிவிடேன் என்று அலென்கா சொல்லிப் பார்த்தாள். யிங் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் தூறல் கொஞ்சம் விட்டிருந்தது. நடு வழி என்பது பாறையின் வயிற்றிலிருந்து புடைத்து வெளியே தள்ளியிருக்கும் ஒரு விளிம்பைத் தாண்டி ஏறுவது. விளிம்புக்கு மேலே பிடி சின்னது, ஈரக் காலத்தில் கொஞ்சம் வழுக்கும். யிங் இரண்டு நாளாக அங்கேதான் விழுந்துகொண்டிருந்தாள். விழுவதில் ஆபத்து ஒன்றும் இல்லை, மேலே இருப்பவள் விழும் நொடியில் கயிறு பிடிப்பவள் பாறையை நோக்கி ஓரடி எடுத்துவைத்துக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தால். அப்போது விழுகிறவள் விளிம்புக்குக் கீழே போய் வெறும் காற்றில் ஊஞ்சலாடுவாள். கயிறு இறுகி நின்றுவிட்டால் ஊஞ்சல் உள்பக்கமாகத் திரும்பி விளிம்பின் மீதே மோதவிடும். அலென்கா இரண்டு நாளும் சரியாகத்தான் தளர்த்தியிருந்தாள்.

யிங் விளிம்பைத் தாண்டி பாறையில் அறைந்திருந்த போல்ட்டில் இரண்டாவது கொக்கியை மாட்டப்போகும்போது, தோட்டத்துப் பாதையில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. அலென்காவால் திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணை மேலேயே வைத்திருந்தாள். பக்கத்தில் வந்து நின்றவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஈரக் கோட்டின் வாசனையும் சிகரெட் வாசனையும் வந்தது.

"மேல இருக்கறது மோ யிங்தானேம்மா?"

அந்தப் பக்கத்துப் பேச்சு அவளுக்குப் பாதிதான் புரியும். இது புரிந்தது.

"ஆமா, மாமா. இப்ப கூப்பிடாதீங்க. கஷ்டமான இடத்துல இருக்கா."

அவர் கூப்பிடவில்லை. நேரலைக் காட்சியை வைத்துத் தேடி வந்திருந்த யிங்கின் அப்பா மோ தெஷெங் அவர். அதிகம் பேசுகிறவர் இல்லை என்று யிங் முன்பே சொல்லியிருந்தாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மேலே யிங்கின் இடது கால் நடுங்க ஆரம்பித்தது, கயிற்றை மாட்டக் கை எடுத்தாள், அதற்குள் மறு கை வழுக்கிவிட்டது.

அலென்கா முன்னால் ஓரடி எடுத்துவைக்கத் தொடங்கிய அதே நொடியில் அவர் பின்னாலிருந்து அவள் தோள்கள் இரண்டையும் பிடித்துத் தன் பலம் முழுவதையும் கொண்டு பின்னுக்கு இழுத்தார். வாழ்நாள் முழுக்கப் பழப்பெட்டி தூக்கிய கைகள். இருவரும் பின்னால் சரிந்தார்கள். கயிறு விறைத்தது. யிங் காற்றில் ஆட வேண்டியவள், உள்ளே திரும்பி, வலது கால் முன்னாக விளிம்பில் மோதினாள். அந்தச் சத்தம் கீழே வரை கேட்டது.

யிங் வலது காலை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, தொங்கியபடியே, கீழே குனிந்து பார்க்காமல், "ஏன்க்கா இவ்ளோ இறுக்கிப் பிடிச்சே?" என்றாள்.

"கால் வழுக்கிடுச்சு. என் தப்புதான். இறக்கறேன், பேசாம இரு" என்றாள் அலென்கா.

அப்போதுதான் யிங் கீழே பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

தரைக்கு வந்ததும் அவளால் வலது காலை ஊன்ற முடியவில்லை. அப்பா குனிந்து முதுகைக் காட்டினார். யிங் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு ஏறிக்கொண்டாள். தோட்டத்துச் சேற்றில் அவர் மகளைச் சுமந்துகொண்டு போக, அலென்கா இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். லியாவ் நேரலையை அணைத்துவிட்டு, தன் மூன்று சக்கர வண்டியிலிருந்த பழப்பெட்டிகளை இறக்கி வழியில் அடுக்கிவிட்டு அவர்களை மருத்துவமனைக்கு ஏற்றிப் போனாள். தன்னால் வந்த வினை என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் இரண்டு பெட்டி பழம் கூடக் கொடுத்திருப்பாள். மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்ததில் கணுக்காலில் மெல்லிய விரிசல். கட்டுப் போட்டு, ஒரு மாதம் ஊன்றக் கூடாது என்றார்கள். காத்திருந்த நேரம் முழுக்க அப்பா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதிக்குத் திரும்புவது என்ற பேச்சே எழவில்லை. அன்று வருஷத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள். அப்பா ஒரு பழச் சரக்கு வண்டிக்குச் சொல்லி, மூவரும் ஊருக்குப் போனார்கள்.

வீட்டு வாசலில் யிங்கின் அம்மா வெய் சியூமெய் புத்தாண்டு வாழ்த்து எழுதிய புதிய சிவப்புத் தாள்களைக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தார். கையில் பசை வாளி. மகள் ஊன்றுகோலில் நொண்டி வருவதைப் பார்த்தார், கால்கட்டைப் பார்த்தார், பின்னால் இரண்டு பெரிய பைகளோடு நிற்கும் உயரமான வெளிநாட்டுக்காரியைப் பார்த்தார்.

யிங்தான் முதலில் பேசினாள். "யாரையாவது கூட்டிட்டு வான்னியே. கூட்டிட்டு வந்திருக்கேன்."

அம்மாவின் வாய் திறந்து மூடியது. சிரிப்பை அடக்கியதா கோபத்தை அடக்கியதா என்று அலென்காவுக்குத் தெரியவில்லை. "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. அடுப்புல எண்ணெய் இருக்கு" என்றுவிட்டு அவர் உள்ளே போனார்.

அம்மாவை எப்படி அழைப்பது என்று அலென்கா தடுமாறியதையும் அவரே முடித்துவைத்தார். வயதைப் பார்த்தால் இவள் அவருக்குத் தங்கை முறை. ஆனால், தன் மகளுக்கு அக்கா என்றால் தனக்கு மகள்தான், அத்தை என்று கூப்பிடு, விஷயம் முடிந்தது என்றார். பிறகு மேசைக்கடியில் மின்கணப்பைப் போட்டு, முழங்கால் மேல் போர்வையை இழுத்துவிட்டு, இஞ்சி மணக்கும் கசப்பான எண்ணெய்த் தேநீரைப் பொரியோடு நீட்டினார். மகளிடம் அவர் நேரடியாகப் பேசவில்லை. "உன் தங்கச்சியை இன்னும் கொஞ்சம் குடிக்கச் சொல்லு" என்று அலென்காவிடம் சொன்னார். யிங் ஒரு மீட்டர் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள், புத்தாண்டுக்கு முந்தின நாள் பகலில், வீட்டில் வெட்டும் வேகவைப்பதும் நடந்துகொண்டிருந்தபோது அப்பா அலென்காவைப் பின்பக்கம் வரச் சொன்னார். அங்கே பம்ப்ளிமாஸ் மரம் ஒன்று இருந்தது. ஒரு மூட்டையில் ஆரஞ்சுகளைக் கட்டி வைத்திருந்தார். அவளுடைய கயிற்றையும் பையிலிருந்து எடுத்து வந்திருந்தார்.

"ஒருத்தர் விழுந்தா கயித்தைப் பிடிக்கறவங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

அவளுக்கு அவர் எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்துவிட்டது. இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி முடித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் கயிற்றைக் கிளை மேலே போட்டாகிவிட்டது. அவள் மூட்டையைக் கட்டி, இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு, ஓரடி முன்னால் போய் விழும் கனத்தை எப்படி வாங்க வேண்டும் என்று செய்துகாட்டினாள். மூட்டை மெதுவாகத் தாழ்ந்து நின்றது. பிறகு அவரே வாரை மாட்டிக்கொண்டார். அவர் அசையாமல் நின்று பிடித்தபோது கயிறு வெட்டி இழுத்து, மூட்டை துள்ளித் தண்டில் மோதி, நாலைந்து பழங்கள் பிதுங்கி வெளியே விழுந்தன.

அவர் பழங்களைப் பொறுக்கித் தொட்டியில் போட்டார்.

"அப்போ நான்தான்."

அவள் மூட்டையின் முடிச்சை மறுபடி இறுக்கினாள்.

"நீ ஏம்மா உன் மேல போட்டுக்கிட்டே?"

"என் மேல கோபம்னா ரெண்டு நாள்ல போயிடும், மாமா. நாங்க தினமும் சண்டை போடறவங்க. உங்க மேலன்னா அப்படி இல்லையே."

அவர் ஒரு சிகரெட்டை எடுத்து, பற்றவைக்காமல் திரும்பப் பெட்டியில் வைத்தார். மூட்டையை இன்னொரு தடவை தூக்கு என்றார். சரியாக வரும்வரை விடவில்லை. அவர் மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, வருஷக் கடைசியில் பழத்தைத் தூக்கிலிடும் குடும்பம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலைச் சாப்பாட்டுக்கு நான்கு பேர்தான். சேப்பங்கிழங்கும் பன்றி இறைச்சியும் துண்டு துண்டாக அடுக்கி ஆவியில் வேகவைத்தது, முழு மீன், வேகவைத்த கோழி, உள்ளே கறி அடைத்த நத்தை. ஊரெங்கும் வெடிச் சத்தம். முதல் கோப்பை அரிசிச் சாராயத்தைக் குடித்ததும் அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"யிங், அக்காவுக்குக் கால் வழுக்கல. நான் பின்னாலேர்ந்து இழுத்துட்டேன். நீ விழறதைப் பார்த்ததும் கை தானாப் போயிடுச்சு. அதுலதான் உன் கால் அடிபட்டது."

யிங் அலென்காவைப் பார்த்தாள். அலென்கா மீனில் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

அம்மா கரண்டியை வைத்தார். "கல்யாணமான நாள்லேர்ந்து பார்க்கறேன், இந்த மனுஷனுக்கு எதையும் சும்மா நின்னு பார்க்கத் தெரியாது. கோழி முட்டை போட்டாக்கூடக் கையை நீட்டிக்கிட்டுப் போவார்."

யிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண் கலங்கியது. தானும் பொய் சொல்லியிருக்கக் கூடாது என்றாள், அம்மாவைப் பார்த்து. அம்மா அவள் தட்டில் இறைச்சியின் நல்ல துண்டாகப் பார்த்து இரண்டை வைத்தார். ஒரு வருஷத்துச் சண்டை அதோடு தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு இருவரும் நேரடியாகவே பேசிக்கொண்டார்கள்.

நிலைமை இளகியதும் அத்தை அலென்காவின் பக்கம் திரும்பினார். ஊரில் யார் இருக்கிறார்கள், இத்தனை வருஷம் வெளியே இருந்தால் தேடமாட்டார்களா, எப்போதுதான் வீட்டுக்குப் போவதாக உத்தேசம் என்று வரிசையாகக் கேட்டார். அண்ணன் குடும்பம் இருக்கிறது என்று சொன்னாள். எல்லோரும் உண்மை பேசிக்கொண்டிருந்த மேசையில் அவளுக்குக் கடைசிக் கேள்விக்குச் சமாளிக்க வரவில்லை.

"மே மாசம் போறேன், அத்தை. ஒரேயடியா."

யிங் சாப்பாட்டுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். "எப்போலேர்ந்து தெரியும்?"

"ஜனவரியிலேர்ந்து."

அவ்வளவுதான் கேட்டாள். கால் விரிசலுக்குச் சுருங்காத முகம் இதற்குச் சுருங்கியது. கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். தொலைக்காட்சியில் புத்தாண்டு நிகழ்ச்சி ஓடிக்கொண்டே இருந்தது. மீதி மூன்று பேரும் அதைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

புத்தாண்டன்று காலை அத்தை பணம் வைத்த இரண்டு சிவப்பு உறைகளோடு வந்தார். கல்யாணமாகாதவர்கள் எத்தனை வயதானாலும் குழந்தைகள்தான் என்று சொல்லி ஒன்றை மகளிடமும் ஒன்றை அலென்காவிடமும் கொடுத்தார். யிங் வாங்கிக்கொண்டாள், அக்காவின் பக்கம் திரும்பவில்லை. அந்த நாள் முழுக்க உறவினர்கள் வந்து போனார்கள். கணுக்காலைப் பார்க்க வந்தவர்கள் வெளிநாட்டுக்காரியையும் பார்த்துவிட்டுப் போனார்கள். யிங் எல்லோரிடமும் பேசினாள், அலென்காவிடம் மட்டும் பேசவில்லை.

சாயங்காலம் அலென்காவும் அத்தையும் முற்றத்தில் உட்கார்ந்து, விற்பனைக்கு ஆகாத பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பிவிடலாமா என்று யோசிப்பதாக அலென்கா சொன்னாள். தன்னால் பண்டிகை கெட்டுப்போயிற்றே என்றாள்.

"அவ கோபப்படட்டும். கோபம் வராத ஆளா இருந்தாத்தான் கவலைப்படணும்" என்றார் அத்தை. கொஞ்சம் பொறுத்து, கையிலிருந்த பழத்தைப் பார்த்தபடியே சொன்னார். "என்கிட்ட ஒரு வருஷம் கோபமா இருந்தா. ஆனா பாரு, இந்தச் சீனாவுல எத்தனை பாறை இருக்கு. ஏறறதுக்கு எங்க வீட்டிலேர்ந்து ஒரு மணி நேரத்துல இருக்கறதைத்தான் தேடிப் பிடிச்சா."

அலென்காவுக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. யிங்குக்கும் தோன்றியிருக்காது என்று நினைத்தாள். அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் யாரும் எதிர்பார்க்காததை அப்பா செய்தார். காலையில் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, கயிற்றுப் பையை ஏற்றிவிட்டு, இந்தப் பெண் இவ்வளவு தூரம் வந்து ஒன்றும் ஏறாமல் போனால் எப்படி, கயிற்றை நான் பிடிக்கிறேன் என்றார். அலென்கா யிங்கைப் பார்த்தாள். யிங் அப்பாவைப் பார்த்தாள். ஆரஞ்சு மூட்டையும் மனுஷியும் ஒன்றில்லை என்று யிங் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் நீ வந்து சொல்லிக்கொடு என்றார் அவர்.

லியாவின் தோட்டத்தில் அன்றைக்கு நேரலை இல்லை; பண்டிகை. அவள் ஒரு காலிப் பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு யிங்கை உட்கார வைத்தாள். பாறையின் ஓரத்தில், சாய்வு இல்லாத சுலபமான வழி ஒன்று இருந்தது. அலென்காவுக்குப் படி ஏறுவது போலத்தான். அப்பா கயிற்றைப் பிடித்தார். அவருக்குப் பின்னால், அவர் கை தவறினாலும் நிற்கும்படி, கயிற்றின் மிச்சத்தை யிங் உட்கார்ந்தபடி பிடித்தாள். மகள் ஒவ்வொன்றையும் அதட்டிச் சொல்ல, அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

பாதி வழியில் தூறல் தொடங்கியது. பாறையின் அந்தப் பகுதிக்கு மறைப்பு இல்லை. மேற்பரப்பு சோப்புப் போட்டதுபோல ஆனது. அலென்கா வலது முழங்காலை நம்பிக் கால் வைக்க முடியாமல் நின்றாள். கீழே போகலாம் என்றால் கடைசிக் கொக்கி காலுக்கு வெகு கீழே இருந்தது. மேலே அடுத்த போல்ட்டுக்குக் கை எட்டவில்லை. சுலபமான வழியில், எல்லோரும் பார்க்க, அவளுக்குப் பயம் வந்தது. தன் கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் மூன்று நாளுக்கு முன்னால் பழமூட்டையில் பழகியவர் என்ற நினைப்பும் வந்தது.

"அக்கா."

இரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவை.

"இடது காலுக்குப் பக்கத்துல, முழங்கால் உயரத்துல ஒரு குழி இருக்கு. அங்க வை. வழுக்காது. நான் முதல் நாள் இதுல ஏறினப்ப வச்சிருக்கேன்."

வைத்தாள். நின்றது.

"இப்ப எழுந்திரு. யோசிக்காதே. விழுந்தா விழு, நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்."

அலென்கா எழுந்து போல்ட்டைப் பிடித்தாள், கொக்கியை மாட்டினாள், மேலே போய் முடித்தாள். அப்பா அவளை இறக்கியது முட்டைக் கூடையை இறக்குவதுபோல இருந்தது; தரைக்கு வருவதற்குள் நன்றாக நனைந்துவிட்டாள். அவர் வாரைக் கழற்றி யிங்கின் மடியில் போட்டார். லியாவிடமிருந்து ஒரு பழம் வாங்கி உரித்து, அலென்காவிடம் கொடுக்காமல் தானே சாப்பிட்டார்.

கயிற்றைச் சுருட்டும்போது அலென்கா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றாள். யிங் கயிற்றின் ஈரமான பகுதியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போறதுன்னா போ, அக்கா. எல்லாரும்தான் போறாங்க. ஆனா நீயும் அவங்களை மாதிரி பெட்டியைக் கட்டிட்டு வந்து சொல்லப் பார்த்தே, அதுதான்." துணியை உதறினாள். "மே கடைசியா, நடுவா?"

"கடைசி."

"அதுக்குள்ள கால் சரியாயிடும்."

சரியாகத்தான் ஆனது. வசந்தத்தில் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சுவருக்குப் போனார்கள். யிங் ஒரு காலைப் பாதுகாத்துக்கொண்டு ஏறினாள், அலென்கா முழங்காலைப் பாதுகாத்துக்கொண்டு ஏறினாள். மே கடைசியில் அலென்கா ஊருக்குப் போனாள். வழியனுப்பு விருந்து வேண்டாம் என்று யிங் சொல்லிவிட்டாள். ரயில் நிலையம் வரை வந்து, பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, உதிரிபாகத் தாமதத்துக்கு இனிமேல் யாரோடு சண்டை போடுவது என்று கேட்டுவிட்டுப் போனாள். அலென்கா கோப்பெரில் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறாள். அங்கே யாரும் அலுவலகத்தில் கோட்டுப் போட்டுக்கொள்வதில்லை. அவள் மட்டும் வெந்நீர்க் குடுவையோடு கூட்டத்துக்குப் போகிறாள்.

அடுத்த புத்தாண்டுக்கு யிங் தன் வீட்டுக்குப் போனாள். மேசையில் மாப்பிள்ளை யாரும் இல்லை. அதற்கடுத்த வருஷம் அவள் போகவில்லை. மூன்று மாதம் முன்னதாகவே அம்மாவைக் கூப்பிட்டு, இந்த விடுமுறைக்கு லாவோஸில் பாறையேறப் போகிறேன், காவல்பணி ஒன்றும் இல்லை என்று சொன்னாள். அம்மா ஒரு வாரம் திட்டினார். பிறகு குளிருக்கு இருக்கட்டும் என்று கம்பளிக் காலுறை நான்கு ஜோடி பின்னி அனுப்பினார். லாவோஸில் அந்த மாதத்தில் சட்டையே அதிகம் என்பதை யிங் அவரிடம் சொல்லவில்லை.